மணிமொழிக்கு யாருமில்லை

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். நல்லதம்பி என்று பேர். விக்கிரமங்கலத்தில் வயலும் மாடுமாக, பெண்டாட்டி தேவயானி, ஒரு மகள், ஒரு மகன் என்று நன்றாகத்தான் இருக்கிறான். நான் வேப்பந்தட்டையில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. ஆனால் தம்பி இருக்கிறான். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வேனில் என் மூஞ்சியைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் எனக்கு யாருமில்லை என்று எழுதி, பெரம்பலூர் அரியலூர் என்று ஒரு ஊர் விடாமல் ஓட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து பொங்கல் சீர் வரும். அண்ணன் தம்பி இருக்கிறவரைக்கும் வரும். அவள் கிழவியானாலும், புருஷனைப் பறிகொடுத்து நின்றாலும் வரும். நல்லதம்பி ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அரிசி, வெல்லம், புதுப்பானை, மஞ்சள் கொத்து, எனக்கொரு சேலை, ஒரு கட்டுக் கரும்பு எல்லாவற்றையும் டிவிஎஸ் எக்செல்லில் கட்டிக்கொண்டு, சிமெண்டு லாரிக்காரன் கிளப்பும் தூசியை எல்லாம் குடித்துக்கொண்டு, போகிக்கு முன்னால் வந்துவிடுவான். வந்ததும் சண்டை போடுவோம். சேலை நிறம் சகிக்கவில்லை என்பேன். உன் மூஞ்சிக்கு இது போதும் என்பான். சாப்பிட்டுவிட்டு என் கட்டிலில் கொஞ்ச நேரம் படுத்துக் குறட்டை விடுவான். என் வீட்டுக்குள் இன்னொரு ஆளின் குறட்டை. அதைக் கேட்கத்தான் வருஷம் பூராவும் காத்திருப்பேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மற்ற நாளில் என் வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். நான் அதைத் திட்டுவேன். அது திருப்பித் திட்டாது.

அப்படி இருக்கும்போதுதான் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த பருத்திக் குடோனை யாரோ திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். கோகுலகிருஷ்ணன் என்று ஒரு பெரம்பலூர்க்காரன். இன்ஜினியருக்குப் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, அது பிடிக்காமல் வந்துவிட்டானாம். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத தாடி. ரிப்பேரான சாமான் எதுவானாலும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பதாகவும், செலவுக்கு நெட்டில் கேட்டால் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள் என்றும் சொன்னான்.

“ஏன்டா தம்பி, வேப்பந்தட்டைக்காரி மிக்சிக்கு அமெரிக்காக்காரன் எதுக்குடா காசு போடுவான்?” என்று கேட்டேன்.

“போடுவாங்கக்கா. இருந்து பாருங்க.”

போட்டார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். வாசலில் ‘ஓடவைப்போம்’ என்று பலகை மாட்டினான். மோட்டார் காயில் கட்டும் செல்லதுரையைக் கூட்டிவந்து உட்காரவைத்தான். குடோன் தரையெல்லாம் பழைய பஞ்சு பறந்துகொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் விளக்குமாறை எடுத்துக் கூட்டினேன். மறுநாளும் போய்க் கூட்டினேன். அதற்கு அடுத்த நாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை யார், எந்த ஊர், என்ன ரிப்பேர் என்று கேட்க ஆரம்பித்தேன். என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மருதாயி இலவச மிக்சியைக் கொண்டுவந்தாள். ஜாருக்கு அடியில் காய்ந்த சட்னி ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது.

“ஏன்டி மருதாயி, மிக்சிய ரிப்பேருக்குக் கொண்டாந்தியா, விருந்து வைக்கக் கொண்டாந்தியா?”

“கழுவுறதுக்குள்ள பஸ்சு வந்துருச்சுக்கா.”

“இது காயிற வரைக்கும் எத்தன நாளா பஸ்சு வந்துக்கிட்டே இருந்துச்சு?”

செல்லதுரை தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். மருதாயியும் சிரிப்பாள். மிக்சி தயாராகிறவரைக்கும் உட்கார்ந்து மருமகள் கதையைச் சொல்வாள். இப்படித்தான் ஒவ்வொருத்தரும். மருந்தடிக்கும் டேங்கோடு மக்காச்சோளக் காட்டுக்காரர்கள் வருவார்கள், தையல் மிஷினோடு பெண்கள் வருவார்கள். ஓடாத ஃபேன் ஓட ஆரம்பித்ததும் அதன் முன்னால் எல்லோரும் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு டீ போட்டு மாளாது. மத்தியானம் கோகுலுக்கும் செல்லதுரைக்கும் நான்தான் சோறு கொண்டுபோவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டியிருக்கும். டிவி போடவே தோன்றாது.

கொஞ்ச காலம் போனதும் நெட்டில் பணம் போடுவது குறைந்தது. சாமான்களைப் படம் எடுத்துப் போட்டுப் பார்த்து அலுத்துவிட்டார்களாம். மனுஷங்க கதை வேண்டும் என்றான் கோகுல். அந்த நேரம் பார்த்து என் கிரைண்டர் நின்றுபோனது. நாங்கள் இந்த வீடு குடிவந்தபோது நல்லதம்பி சீராக வைத்த கிரைண்டர். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போனேன். கோகுல் போனை நீட்டி, “இதப் பத்திச் சொல்லுங்கக்கா” என்றான்.

என்னைப் பேசச் சொன்னால் கேட்க வேண்டுமா? “இது என் தம்பி வச்ச சீரு. அவன் கஞ்சன்தான், ஆனா இதுல கஞ்சத்தனம் பண்ணல. நான் ஒத்தையில இருக்கேன், எத்தன படி மாவு ஆட்டப்போறேன்? இருந்தாலும் தம்பி வச்சது ஓடாம கெடந்தா மனசு கேக்குதா? தூக்கிட்டு வர யாரும் இல்ல, ஆட்டோக்காரன் கையில கால்ல வுழுந்து கொண்டாந்தேன்” என்று சொல்லிக்கொண்டே போனேன். தம்பியைத் திட்டியது பாதி, பெருமை பேசியது பாதி. செல்லதுரை சுவிட்சைப் போட்டதும் கல்லு கடகடவென்று சுற்றியது. என்னை அறியாமல் அழுகை வந்துவிட்டது. அதையும் எடுத்துக்கொண்டான்.

நான் வைத்திருப்பது பட்டன் போன். அந்த வீடியோ என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. “சூப்பராப் போவுதுக்கா” என்று கோகுல் குதித்தான். பணம் கொட்டியது. புது மிஷின்கள் வந்தன. ஊர் ஊராகப் போய் ரிப்பேர் பார்க்க வேன் ஒன்றைத் தவணையில் எடுத்து, பெரம்பலூரில் பெயிண்ட் அடிக்க விட்டான். அது அங்கிருந்து நேராக அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கம் முகாமுக்குப் போய்விட்டது.

வேன் வேப்பந்தட்டைக்கு வருவதற்கு முன்னால் என் தம்பியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, ஒனக்கு யாருமில்லையா?”

“என்னாடா கேக்குற?”

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம்தான் வேன் வந்து குடோன் வாசலில் நின்றது. அதன் பக்கவாட்டில் அழுத மூஞ்சியோடு நான். ஒரு ஆள் உயரத்துக்கு என் மூஞ்சி. பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘மணிமொழி அம்மாவுக்கு யாருமில்லை. நாம் இருக்கிறோம்’ என்று எழுதியிருந்தது.

கோகுலின் போனைப் பிடுங்கி வீடியோவைப் போடச் சொன்னேன். சோகமாக ஏதோ பாட்டு. நான் “ஒத்தையில இருக்கேன்” என்கிறேன். அப்புறம் “யாரும் இல்ல” என்கிறேன். அப்புறம் அழுகிறேன். தம்பி எங்கே? கஞ்சன் எங்கே? சீர் எங்கே? எல்லாவற்றையும் கத்தரித்து எறிந்துவிட்டான்.

“யார்றா சொன்னது எனக்கு யாருமில்லைன்னு?”

“செண்டிமெண்ட் இருந்தாத்தான்க்கா போடுறாங்க. ஒங்க தம்பி பாப்பாருன்னு நெனைக்கலக்கா.”

“நான் செத்துப்போயிட்டேன்னு போட்டிருந்தாக்கூடச் சும்மா வுட்டிருப்பேன்டா. கூடப்பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நாதியத்தவன்னு எப்படிடா போடுவ? நீயெல்லாம் இந்த மண்ணுலதான பொறந்த?”

அவன் முகம் வெளுத்துப்போனது. படித்த பிள்ளை, கெட்டவனும் இல்லை. காசு போடுகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று யோசித்தவன், இங்கே இருக்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட வசவு என்று யோசிக்கவில்லை. மறுநாளே அந்த எழுத்தின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். பழைய வீடியோவையும் எடுத்துவிட்டான். என்னை உட்காரவைத்து, எனக்குத் தம்பி இருக்கிறான் என்று பேசச் சொல்லி இன்னொரு வீடியோ போட்டான். அதைப் பார்க்க ஆளில்லை. முதல் வீடியோவோ அதற்குள் ஊரில் இருக்கிற போனுக்கெல்லாம் போய்விட்டது.

பஸ் ஏறி விக்கிரமங்கலம் போனேன். தேவயானி “வாங்கண்ணி” என்று தண்ணீர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. அவள்தான் நடந்ததைச் சொன்னாள். வேன் அவர்கள் தெரு முனையில்தான் நின்றிருக்கிறது. டீக்கடையில் வீடியோவைப் போட்டுப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், கூடப்பிறந்தவளையே கைவிட்டவர் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று யார் மூலமாகவோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம்.

நல்லதம்பி கொட்டகையில் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

“யாருமில்லாதவங்களுக்கு இங்க என்னா வேல?” என்று மாட்டைப் பார்த்துக் கேட்டான்.

“அறுத்து ஒட்டிட்டான்டா. நான் ஒன்னப் பத்தித்தான்டா பூராவும் பேசினேன்.”

“வாயி ஒன்னுதுதான? யாரும் இல்லன்னு சொன்ன வாயி ஒன்னுதுதான?”

எனக்கும் கோபம் வந்துவிட்டது. வராமல் இருந்தால் நான் மணிமொழி இல்லையே. “ஆமாடா, என் வாயிதான். என்னைத் தெரிஞ்சவன் நீ, ஊரான் போட்ட படத்தப் பாத்து நம்புறியே, நீயெல்லாம் ஒரு தம்பியா?” என்று கத்திவிட்டு, வந்த பஸ் திரும்புவதற்குள் அதிலேயே ஏறிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அரியலூர் வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள்.

அதற்கப்புறம் குடோனும் நிலைக்கவில்லை. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. சாமான் வருவது நின்றுபோனது, அவ்வளவுதான். அங்கே கொண்டுபோனால் யாருமில்லாதவள் என்று போட்டுவிடுவார்கள் என்ற பேச்சு பஸ்ஸிலும் கடையிலும் பரவிவிட்டது. மருதாயியின் மகன் ஒருநாள் விறுவிறுவென்று உள்ளே வந்தான். அவள் மறுபடியும் கொண்டுவந்து வைத்திருந்த மிக்சியைப் பாதி பிரித்த நிலையிலேயே தூக்கினான்.

“இருங்க தம்பி, மூடி மாட்டிக் குடுத்துர்றேன்” என்றான் செல்லதுரை.

“ஒண்ணும் வேணாம். எங்கம்மாவுக்கு நாங்க மூணு பேரு இருக்கோம். புதுசே வாங்கிக் குடுப்போம்.”

அவன் பின்னால் மருதாயி தலையைக் குனிந்துகொண்டு போனாள். அப்படியே ஒவ்வொருத்தராக வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மகன்கள் வந்தார்கள், அண்ணன்கள் வந்தார்கள், மருமகன்கள்கூட வந்தார்கள். இத்தனை காலம் அந்த ஃபேனையும் மிக்சியையும் திரும்பிப் பார்க்காதவர்களுக்கு அப்போது எங்கிருந்துதான் அவ்வளவு ரோஷம் வந்ததோ. நாங்கள் மூன்று பேரும் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ போட்டால் மிஞ்சியது.

சாமான் வரவில்லை என்றால் காட்டுவதற்குப் படம் இல்லை. படம் இல்லை என்றால் பணம் இல்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு வேறு எங்கேயாவது யாருமில்லாதவள் ஒருத்தி கிடைத்திருப்பாள். செல்லதுரை தன் பழைய கடைக்கே போய்விட்டான். வேனைக் கொடுத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கோகுலுக்குச் சென்னையில் ஏதோ வேலை கிடைத்தது. சாவியைக் குடோன்காரரிடம் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து நின்றான்.

“அக்கா, மன்னிச்சிருங்கக்கா.”

“மொதல்ல சாப்புடு” என்றேன். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். தாடியெல்லாம் நனைய அழுதுகொண்டே சாப்பிட்டான். அவனைத் திட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். போகும்போது “ஒழுங்கா நேரத்துக்குச் சாப்புடு” என்றதோடு சரி.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்காத விஷயம் ஒன்று உண்டு. அவன் அப்படி எழுதிய காலத்தில்தான் எனக்கு ஊரே இருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேச ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த எழுத்தை எழுதினான், இருந்தவர்கள் எல்லோரும் போனார்கள். இப்போது கடைத்தெருவில் மருதாயி எதிரே வந்தால் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் மறுபடியும் டிவியைத் திட்ட ஆரம்பித்தேன்.

மார்கழி பிறந்ததும் நாளை எண்ண ஆரம்பித்தேன். தம்பி வருவானா? எல்லாம் போகட்டும், குடோன் போகட்டும், மருதாயி போகட்டும். இவன் வந்துவிட்டால் போதும். எக்செல் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பால்காரனாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பரிமளா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “என்னாக்கா, நல்லதம்பி இன்னும் வரல?” என்று தினமும் கேட்டாள். அவள் கேட்டது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போகியும் வந்தது. அவன் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் பார்த்தேன். எனக்குச் சீர் வராதது ஒரு பக்கம் இருக்கட்டும். வரவில்லை என்று இந்தத் தெருவில் ஒருத்தர் சொன்னால் போதும், அந்த வேனில் எழுதியது நிஜம் என்று ஆகிவிடும். அக்காவைக் கைவிட்டவன் என்று என் தம்பியை ஆளாளுக்குப் பேசுவார்கள். என்மேல் அவனுக்கு ஆயிரம் கோபம் இருக்கட்டும், அவனை எப்படி நான் பேசவிடுவேன்?

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் போனேன். வேப்பந்தட்டையில் வாங்கினால் தெரிந்துபோகும். அரிசி, வெல்லம், பானை, மஞ்சள் கொத்து எல்லாம் வாங்கினேன். ஒரு சேலையும் எடுத்தேன். அவன் எடுப்பதுபோலவே சகிக்காத நிறத்தில் பார்த்து எடுத்தேன். கரும்புக் கட்டை ஆட்டோவில் சாய்த்துக்கொண்டு, பரிமளா கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டுக்குள் இறக்கினேன்.

பொங்கலன்று காலையில் கரும்பை வாசலில் சாத்தி, நடுவில் அடுப்பு வைத்து, புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு பொங்கல் வைத்தேன். பரிமளா வந்தாள்.

“நல்லதம்பி வந்துட்டுப் போயிட்டாராக்கா? நான் பாக்கவே இல்லியே.”

“நேத்து நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப வந்தான். மாடு கன்னு போடுற மாதிரி இருக்குன்னு ஒடனே கெளம்பிட்டான். சேலயப் பாரு, கண்ணு அவிஞ்சவன் எடுத்த மாதிரி எடுத்திருக்கான்.”

சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்சம் பொங்கலை இலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெயில் ஏறின பிறகு வாசலில் ஒரு எக்செல் சத்தம். பால்காரன் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை. அப்புறம் பரிமளாவின் குரல் கேட்டது.

“என்னா நல்லதம்பி, நேத்துதான் வந்துட்டுப் போனீங்களாம், அதுக்குள்ள திரும்பியும் வரீங்க?”

எனக்கு உயிரே நின்றுவிட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். நல்லதம்பிதான். வண்டியில் மூட்டை, பானை, ஒரு கட்டுக் கரும்பு. அவன் பரிமளாவைப் பார்த்தான். என் வாசலில் சாத்தியிருந்த கரும்பைப் பார்த்தான். பொங்கி வழிந்த புதுப்பானையைப் பார்த்தான்.

“ஆமாக்கா. வெத்தல பாக்கு வைக்க மறந்துட்டேன். அதான் வந்தேன்.”

பரிமளாவுக்கும் கண் இருக்கிறது. வெற்றிலை பாக்குக்கு எவனாவது கரும்புக் கட்டைக் கட்டிக்கொண்டு வருவானா? அவள் கரும்பைப் பார்த்தாள், என் கதவைப் பார்த்தாள். “அது முக்கியமில்லியா பின்ன, கொண்டு போய்க் குடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்ல பொம்பளை. நான் அவளை எவ்வளவோ திட்டியிருக்கிறேன்.

அவன் எல்லாவற்றையும் உள்ளே தூக்கிவந்து வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கட்டியிருந்த சேலையைப் பார்த்தான்.

“இத நான் எடுத்தனாக்கும்?”

“ஆமா.”

“நல்லாவே இல்ல.”

“நீ எடுத்தா எப்படி இருக்கும்?”

கட்டிலில் உட்கார்ந்தான். “அங்க பானை வச்சோம். பொங்கி வரப்ப மனசு கேக்கல. வாங்கி வச்சிருந்தத எல்லாம் கட்டிக்கிட்டு அப்படியே கெளம்பிட்டேன்” என்றான். அவன் வீட்டுப் பொங்கலைச் சாப்பிடாமலே வந்திருக்கிறான். எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு, பேச்சு வரவில்லை! இலை போட்டேன். சாப்பிட்டான். வீட்டுக்குள் எங்கே திரும்பினாலும் கரும்பாக இருந்தது.

“இத்தன கரும்ப வச்சிக்கிட்டு ஒத்தப் பொம்பள நான் என்னாடா பண்ணுவேன்?” என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

“ஒத்தப் பொம்பளன்னு சொல்லாத. திரும்பியும் வண்டியில எழுதிப்புடுவானுவ.”

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் படுத்தான். ஆனால் தூங்கவில்லை. குறட்டை வரும் வரும் என்று சுவரோரம் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்துகொண்டு உத்தரத்தைப் பார்த்தபடியே கிடந்தான். மகள் சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. அப்புறம் மாட்டைக் கவனிக்க வேண்டும் என்று எழுந்தான். “போயிட்டு வரேன்” என்றான்.

பரிமளாவுக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி, “பாத்துப் போடா தம்பி, லாரிக்காரனுவ கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவானுவ” என்று கத்தினேன். வண்டி மறைகிறவரைக்கும் வாசலில் நின்றேன்.

அவன் போனபின் அவன் கொண்டுவந்த மூட்டையை அவிழ்த்தேன். வெற்றிலை பாக்கு இருந்தது. சேலையும் இருந்தது, இந்தத் தடவை நல்ல நிறம். மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். கோகுல் அந்த வண்டியில் எழுதியது பொய். இன்றைக்கு ஒரு நாள் முழுப்பொய். நாளையிலிருந்து அடுத்த பொங்கல் வரைக்கும் அது என்ன என்று எனக்குத் தெரியும், அதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. எழுந்துபோய் டிவியைப் போட்டேன்.